பவளத்தின் தலைக்கு ஒரு கடிவாளம்: செவ்வாய்ப்பேட்டைத் தோல் கடை அனுபவம்

எங்கள் குதிரை பவளத்துக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அளந்து தைத்து வாங்கிய கடிவாளத்தின் விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பின்னால் உச்சியில் உட்காரும் தலைவார், நெற்றிப்பட்டை, பிட்டைத் தாங்கும் கன்னவார், மூக்குப்பட்டை, தொண்டைவார், லகான் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். வாயில் போடும் உலோகத் துண்டான பிட் தனி. அதை நானே வெளியில் 1,900 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். 12 நாளில் தருவதாகச் சொன்னார்கள், கைக்கு வர 36 நாள் ஆனது. மழையில் ஒரு முறை சாயமும் போனது. இருந்தும் குதிரை வைத்திருக்கிற யார் கேட்டாலும் இந்தக் கடைக்குத்தான் வழி சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதை எனக்கு யாராவது ஐந்து வருடம் முன்னால் சொல்லியிருந்தால் ஒரு உயிர் இத்தனை நாள் வலியோடு இருந்திருக்காது.

எங்களுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறியிருக்கும். பவளம் எங்கள் வீட்டுச் செவலைப் பெண் குதிரை, குஜராத்தின் கத்தியவாரி இனக் கலப்பு. அந்தியூர் குருநாதசுவாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தையில் மாமா பிடித்து வந்தது. மாமா போன பிறகு அவளைப் பார்த்துக்கொள்வது நான்தான். காலையில் தோட்டத்துக்குள் ஒரு சுற்று, வாரத்தில் இரண்டு நாள் மண்பாதையில் ஒரு மணி நேரம். பந்தயம், போட்டி எதற்கும் போகிறவள் இல்லை.

சந்தையிலிருந்து வந்தபோது அவள் வாயில் இருந்தது முள் கடிவாளம். உள்பக்கமாகச் சின்னச் சின்ன ஆணி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். "இது இல்லாட்டி நிக்காதுங்க சாமி" என்று விற்றவர் மாமாவிடம் சொன்னாராம். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்காக 1965-இல் மத்திய அரசு போட்ட விதிகளில் 8-வது விதி இந்த மாதிரி முள் வைத்த கடிவாளத்தையே தடை செய்கிறது. அறுபது வருடம் ஆகியும் அது சந்தையில் தொங்குகிறது. மாமா அன்று இரவே அதைக் கழற்றிப் பட்டறையில் போட்டு நசுக்கிவிட்டார். பவளத்தின் கீழ்த்தாடையில், பிட் உட்காருகிற, பல் இல்லாத இடைவெளியில், இன்றும் விரல் வைத்தால் ஒரு தழும்பு தட்டுப்படும்.

அதன்பின் இணையத்தில் ஒரு கடிவாளம் வரவழைத்தோம். 3,400 ரூபாய். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஃபுல் சைஸ் என்று எழுதியிருந்தார்கள். அளந்து பார்த்தபோது நெற்றிப்பட்டை 15 அங்குலம், மூக்குப்பட்டை 26 அங்குலம். பவளத்துக்கு நெற்றியில் 16 வேண்டும், மூக்கைச் சுற்றி 22 போதும். நெற்றியில் இறுக்கம், மூக்கில் தொளதொளப்பு. நாங்கள் என்ன செய்தோம் என்றால், மூக்குப்பட்டையில் ஆணியைச் சுட வைத்து நான்கு துளை கூடுதலாகப் போட்டு இறுக்கிக்கொண்டோம். நெற்றிப்பட்டையை அப்படியே விட்டுவிட்டோம். தப்பு அங்கேதான் நடந்தது.

நெற்றிப்பட்டை குட்டையாக இருந்தால் நெற்றியில் மட்டும் தொந்தரவு என்று நினைத்திருந்தேன். அது தலைவாரை முன்னால் இழுத்து, காதின் அடிப்பாகத்தில் கொண்டுபோய் அழுத்துகிறது. கத்தியவாரிக் குதிரையைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து நுனிகள் ஒன்றையொன்று தொடும். அந்தக் காதை அது எல்லாப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கும். அந்த அடிப்பாகத்தில் வார் உட்கார்ந்தால், காதைத் திருப்புகிற ஒவ்வொரு முறையும் தோல் உரசும். வலது காதின் பின்னால் முதலில் முடி உதிர்ந்தது. பிறகு ஐம்பது பைசா அளவுக்குப் புண்.

புண் வெளியே தெரிவதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கடிவாளத்தை எடுத்துக்கொண்டு போனாலே தலையை மேலே தூக்கிவிடுவாள். நடக்கும்போது தலையை உதறுவாள். இடது பக்கம் திரும்பச் சொன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். "குறும்பு ஏறிப்போச்சு, மூக்குப்பட்டைய இன்னும் ரெண்டு துளை இறுக்குங்க" என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நானும் இறுக்கினேன். அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ஒருவர் சேலத்திலிருந்து வந்து பார்த்தார். கடிவாளத்தைப் பற்றிப் பேசும் முன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாகியிருந்தது. இறுக்கிய மூக்குப்பட்டை கன்னத்தை உள்ளே தள்ளி அந்த விளிம்பின் மேல் அழுத்தியிருக்கிறது. உள்கன்னத்தில் இரண்டு பக்கமும் கீறல். பல்லை அரத்தால் ராவிவிட்டு, மூன்று வாரம் வாயில் எதுவும் போடக் கூடாது என்று சொல்லிப் போனார். போகும்போது, "குதிரைக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா, வார்தான் சரியில்ல. தலைய அளந்து செஞ்சு போடுங்க" என்றார்.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், இது ஏற்காட்டு அறியாமை மட்டும் இல்லை. அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் நாடுகளில் 750 போட்டிக் குதிரைகளை அளந்து 2017-இல் ஒரு ஆய்வு வெளிவந்திருக்கிறது. மூக்குப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு விட்டிருந்தது வெறும் 7 சதவீதக் குதிரைகளுக்கு. 44 சதவீதக் குதிரைகளுக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. அதற்கப்புறம்தான் உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல் மூக்கெலும்பின் மேல் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க அளவுக்கருவியே கொண்டுவந்தது.

சேலத்தில் தோல் வேலை செய்கிறவர்களைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன். பெல்ட், மணிபர்ஸ் விற்கிற கடைகள் நிறைய. குதிரை என்றதும் கையை விரித்துவிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் இருக்கிற ஒரு சந்தில், எட்டுக்குப் பத்து அறை. வெளியே பெயர்ப்பலகை இல்லை. உள்ளே மாட்டுக்குச் சலங்கைப் பட்டை, நாய்க்குக் கழுத்துப்பட்டை, போலீஸ்காரர்கள் பெல்ட் எல்லாம் தொங்கும். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஜட்கா வண்டி ஓடிய காலத்தில் அவருடைய அப்பா வண்டிக்குதிரைக்கு வார் தைத்தவராம். கடைப் பெயர் என்று எதுவும் இல்லை, தன் பெயரையும் போட வேண்டாம் என்றார், அதனால் எழுதவில்லை.

நான் துணி டேப்பில் அளந்து எழுதிக்கொண்டு போன தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "துணி டேப்பு நீளும் கண்ணு. அதில்லாம இது எல்லாமே நீளம்தான், வளைவு எங்க?" என்றார். தலைவார் உட்காருகிற இடம் எப்படி வளைந்திருக்கிறது என்று தெரியாமல் வெட்டினால் நடுவில் தூக்கும், ஓரத்தில் கடிக்கும் என்று தன் முட்டியின் மேல் ஒரு வாரை வைத்துக் காட்டினார். கரண்டு வேலைக்காரர்கள் பயன்படுத்துகிற கனமான அலுமினியக் கம்பியைக் காதுக்குப் பின்னால் உச்சியில் வைத்து அழுத்தி, அந்த வளைவு கலையாமல் செய்தித்தாளில் வைத்து வரைந்து கொண்டுவரச் சொன்னார். செய்துகொண்டு போனேன். அதையும் பார்த்துவிட்டு, "நேர்லயே பாத்துடறேனே" என்றார்.

முழங்கால் வலிக்கிற மனிதர், இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி, மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வந்ததும் பவளத்தைத் தொடவில்லை. ஊற வைத்த கொள்ளை வாளியில் வைக்கச் சொல்லிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து கால் மணி நேரம் அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லப் பக்கத்தில் போய், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இரண்டு விரலை வைத்தார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். அவள் மென்று தின்னும்போது அந்த இடம் விரலுக்கடியில் எழும்பி எழும்பி அடங்கியது. தாடை மூட்டு. "இங்க பக்கிள் வந்தா, ஒவ்வொரு வாய்க்கும் அது இடிக்கும். நமக்குச் செருப்புல கல்லு மாதிரி." அவர் சொன்னது அவ்வளவுதான். எனக்கு உடம்பே சிலிர்த்தது. பழைய கடிவாளத்தில் இரண்டு பித்தளைப் பக்கிளும் சரியாக அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தன.

அடுத்து கன்னத்தில் கண்ணுக்குக் கீழே நீளமாக ஓடும் எலும்பு மேட்டைத் தடவி, அது முடிகிற இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே சுண்ணாம்பால் கோடு போட்டார். மூக்குப்பட்டை அங்கேதான் வர வேண்டும். மேலே ஏறினால் எலும்பில் தேய்க்கும், அதிகம் இறங்கினால் மூச்சு விடும் மென்மையான பகுதியை அழுத்தும். தொண்டைவாருக்குத் தன் கையை மடக்கி முஷ்டியாகத் தாடைக்கடியில் வைத்துப் பார்த்தார். வாய் அகலத்துக்கு ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு, வாய்க்குள் கொடுத்து, இரண்டு ஓரத்திலும் மையால் குறித்தார். 12 சென்டிமீட்டர். ஆகவே 5 அங்குல பிட். இரண்டு பக்கமும் மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே நிற்கும்.

பிட் விஷயத்தில் அவர் சொன்ன உவமையை மறக்கவே முடியாது. நடுவில் ஒரே மூட்டு உள்ள பிட், லகானை இழுத்ததும் பாக்குவெட்டி மாதிரி மடங்கி நாக்கை நடுவில் பிடிக்கும். நடுவில் சின்னத் துண்டு சேர்த்து இரண்டு மூட்டு வைத்ததை வாங்கினால் நாக்கின் மேல் படிந்து உட்காரும். எல்லாக் குதிரைக்கும் இதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. பவளத்துக்கு இது பொருந்தியது. துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள், முலாம் பூசியதைத் தொடாதீர்கள். முலாம் உரிந்தால் உரிந்த விளிம்பு நாக்கை அறுக்கும்.

இனி பொருளைப் பற்றி. தோல், பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுகிற பழைய முறை தமிழ்நாட்டுத் தோல் தொழிலுக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் இழுக்க இழுக்க நீளும். அளந்து செய்த வார் ஆறு மாதத்தில் நீண்டுவிட்டால் அளந்ததற்கே பொருள் இல்லை. கனம் மூன்றரை மில்லிமீட்டர். ஓரங்களைச் சீவி, தேன்மெழுகு தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார். என் கழுத்தில் தேய்த்துப் பார்த்தேன், எங்கும் கீறவில்லை.

தையல் கையால். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்துத் தைக்கிற தையல். மிஷின் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். இதில் ஒன்று அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மலைச் சரிவில் ஓடும்போது லகான் கையோடு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது தலைவார். சாதாரணக் கடிவாளத்தில் மூக்குப்பட்டையைத் தாங்க ஒரு மெல்லிய வார் தனியாகத் தலைவாருக்கு அடியில் ஓடும். பிட், லகான் எல்லாம் இழுக்கும்போது அந்த மெல்லிய வார் கயிறு மாதிரி உச்சியை அறுக்கும். இவர் ஒரே அகலமான தோலை வெட்டி, காதுக்குக் கீழே இறங்கிய பிறகு மூன்று கிளையாகப் பிரித்துவிட்டார். காதின் பின்பக்கம் வருகிற இடத்தில் பிறை வடிவில் குடைந்து எடுத்திருக்கிறார். உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல் உறை, அதற்குள் கம்பளி. பக்கிள்கள் கன்னத்தில் கீழே இறங்கிவிட்டன. பித்தளைப் பக்கிளின் ஓரம் கூராக இருக்கிறது என்று பக்கத்துக் கொலுசுப் பட்டறையில் கொடுத்து மழுக்கி வாங்கியிருந்தார். கொலுசுக்குப் போடுகிற மெருகு குதிரையின் கன்னத்துக்கு வந்து சேர்ந்தது.

போட்டுப் பார்த்த முதல் நாள் நானே நடுங்கிக்கொண்டுதான் போனேன். தலையைத் தூக்கினாள். சும்மா நின்றேன். உச்சியில் வார் உட்கார்ந்ததும் காதை இரண்டு முறை முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு தலையை இறக்கி என் தோள்மேல் மூச்சு விட்டாள். நான்காம் நாள் மண்பாதையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றி, வியர்வைத் தடத்தைப் பார்த்தேன். உச்சியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சீராக ஈரம். எங்காவது ஒரு இடம் மட்டும் காய்ந்தோ, முடி முறுக்கியோ இருந்தால் அங்கே அழுத்தம் இருக்கிறது என்று பொருள். வாயோரத்தில் கொஞ்சம் நுரை. இடது பக்கம் வாயைத் திறக்காமல் திரும்பினாள். மூன்று மாதம் ஆகிறது. காதுக்குப் பின்னால் முடி முளைத்துவிட்டது, வெள்ளையாக.

குறைகளையும் சொல்கிறேன். ஆடி மாதம் அங்கே எதையும் கொடுக்காதீர்கள். ஊர் முழுக்கத் திருவிழா. சலங்கைப் பட்டைக்கும் மாட்டுக் கழுத்துப்பட்டைக்கும் கடையில் அவ்வளவு வேலை குவிந்திருக்கிறது. நான் மூன்று முறை மலை இறங்கி வெறுங்கையோடு திரும்பினேன். போன் எடுக்க மாட்டார், மகன் எடுத்தால்தான் உண்டு. பில் கிடையாது. கன்னவாரில் துளைகளை ஒரு அங்குலத்துக்கு ஒன்று என்று போட்டிருந்தார். ஒரு துளை ஏற்றினால் வாயோரம் இழுக்கிறது, இறக்கினால் பிட் பல்லில் தட்டுகிறது. நடுவில் துளை போட்டுத் தரச் சொன்னேன், உட்கார வைத்துப் போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. வலது காதுப் பக்கம் ஒரு தையல் முனை அடிக்காமல் நீட்டிக்கொண்டிருந்தது, அதையும் தட்டிச் சரிசெய்தார். முதல் மழையில் காப்பிக்கொட்டை நிறச் சாயம் இறங்கி, பவளத்தின் நெற்றி வெள்ளையில் கோடாக வழிந்தது. அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் புதிய கடிவாளத்தை முதலில் இரண்டு மூன்று முறை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

ஏற்காட்டு ஈரத்தில் தோல் பொருளுக்குப் பெரிய எதிரி பூஞ்சைதான். ஒவ்வொரு முறையும் பிட்டைத் தண்ணீரில் கழுவி, வாரை ஈரத்துணியால் துடைத்து, அடுப்பின் பக்கமோ வெயிலிலோ வைக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிடுகிறேன். மாதம் ஒரு முறை எண்ணெய், அதுவும் கொஞ்சமே கொஞ்சம். அத்தை பாசத்தில் ஒருநாள் அரைக் கிண்ணம் தடவிவிட்டார், வார் கொழகொழவென்று ஆகி ஒரு வாரம் போட முடியவில்லை.

போட்டிக்குப் போகிறவர்கள், விதவிதமான மூக்குப்பட்டை, பளபளக்கும் கல் பதித்த நெற்றிப்பட்டை தேடுகிறவர்கள் கான்பூர்ப் பொருட்களைப் பாருங்கள். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ராணுவத்துக்குச் சேணமும் வாரும் செய்கிறார்கள், கான்பூர்ச் சேணப் பொருட்களுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. நம் ஊர்க் குதிரைக்கு, அதிலும் நெற்றி அகன்று மூக்கு குறுகின கத்தியவாரி, மார்வாரிக் கலப்புகளுக்கு, ஒரு சைஸில் மேல்பாதியும் இன்னொரு சைஸில் கீழ்பாதியும் சேர்த்து யாரும் விற்பதில்லை. பெரியவரிடம் போங்கள். குதிரையின் முகத்தை நேராகவும் இரண்டு பக்கமும் எடுத்த போட்டோ, கம்பி வளைவு வரைந்த தாள், சொந்த பிட், மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். அதற்கு முன் பல்லைக் காட்டிவிடுங்கள்.

ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களை மட்டக்குதிரையில் ஏற்றிச் சுற்றுகிற ஒரு தம்பி, பவளத்தின் தலைவாரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, எம் பையனுக்கும் ஒண்ணு சொல்லுங்க" என்றான். அவனுடைய குதிரையைத்தான் பையன் என்கிறான். நேற்று சாயங்காலம் கொள்ளு வாளியோடு போய் அளந்து வந்தேன். நெற்றி 14, மூக்கு 19, இடது காதின் பின்னால் பழைய நைலான் கயிறு அறுத்த தழும்பு ஒன்று. அந்த இடத்தைச் செய்தித்தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். புதன்கிழமை காலை முதல் பஸ்.